சிப்பிக்காட்டு அளத்தில் சுழிகள் இறங்கிய கோடை

பங்குனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடிந்தபோது சிப்பிக்காட்டு உப்பளத்துப் பாத்திகளில் நட்சத்திர மண்டலங்கள் இறங்கிக் கிடந்தன. அன்றைக்கு உப்பு வார வேண்டிய முறை என்பதால், முதலில் வந்து சேர்ந்த சந்தனக்கனிக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்பத்திரண்டு வயதில் இருபத்தாறு வருஷத்தை உப்பிலேயே கழித்தவள் அவள். மழை கலைத்த பாத்தி, நாய் விழுந்து செத்த பாத்தி, யாரோ லாரியை இறக்கிப் பாழாக்கிய பாத்தி என்று எல்லாவற்றையும் பார்த்தவள். காலில் பழைய சாக்ஸை இழுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, வாருபலகையைத் தண்ணீரில் போட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். பதினோரு அடி அகலத்தில், கோலமாவைக் கரைத்துவிட்டதுபோல் வெளுத்து, நடுவில் மட்டும் லேசாக மஞ்சள் பூத்து, மெல்லச் சுழன்றுகொண்டிருந்த அந்தப் பொருள் பலகைக்கு அடியில் வழிந்து, பின்னால் போய், பழையபடி கூடிக்கொண்டது. பலகையோடு உப்பு மட்டும் தனியாக வந்தது.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிபுஷ்பம் கேட்டாள்: "உப்பு வருதாக்கா?"

"வருது."

"அப்போ வாருவோம்."

புஷ்பத்துக்கு இருபத்துநாலு வயது. பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது, ஐந்தாம் மாதம். புருஷன் கேரளத்துப் பக்கம் விசைப்படகில் போயிருந்தான். இரண்டு பேரும் இறங்கி வார ஆரம்பித்தார்கள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து, அவரவர் பாத்தியில் கிடந்ததைப் பார்த்து, "ஏட்டி, ஒனக்கும் வந்திருக்கா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். எட்டு மணிக்குள் அளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்னச் சின்னதாக, ஒரு கைப்பிடி உப்பைத் தூவியதுபோல் எண்பதுக்கும் மேல். பெரிசாக ஒன்று, உப்புத் தண்ணீர் தேக்கி வைக்கிற தெப்பத்தில், இருபது அடி அகலத்துக்கு, சாய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி.

அவை என்னவென்று சொன்னவள் ரோஸ்லின் டீச்சர். நடுநிலைப் பள்ளியில் பதினேழு வருஷமாக அறிவியல் நடத்துகிறவள். தகவல் கேட்டு ஸ்கூட்டரில் வந்து, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தனக்கனியின் பாத்தியிலிருந்து தெப்பம்வரை ஒரு காலடிக்கு முன் இன்னொரு காலடியாக வைத்து அளந்துகொண்டே போனாள். இருநூற்று எண்பது வந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "எல்லாம் ஒரே விகிதத்துல சுருங்கி, தூரக்கணக்கு மாறாம அப்படியே எறங்கியிருக்கு" என்றாள். "தெப்பத்துல கெடக்கது ஆண்ட்ரோமீடா. அதுக்குப் பக்கத்துப் பாத்தியில முக்கோண மண்டலம். இந்தா, ஒட்டினாப்புல கெடக்க ரெண்டு திட்டும் மெகல்லன் மேகம். மிச்சமெல்லாம் சின்னது. இதெல்லாம் சேர்ந்து ஒரே அக்கம்பக்கம்."

"அப்போ என் பாத்தியில கெடக்கது?" என்றாள் சந்தனக்கனி.

"அது நம்மது. பால்வீதி. நம்ம சூரியன், பூமி, அண்ணாந்தா கண்ணுக்குத் தெரியுற அத்தனை நட்சத்திரமும் இதுக்குள்ளதான்."

பெண்கள் பலகையைப் போட்டுவிட்டுக் குனிந்தார்கள். டீச்சர் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி வழியில் ஒரு இடத்தைக் காட்டினாள். "இந்த இடத்துக்கிட்ட நாம இருக்கோம். சூரியனே தெரியாது. தூசிக்குள்ள தூசி."

"நம்ம ஊரு?"

"தெரியாது."

"மொதலாளி பங்களா?"

"அதுவும் தெரியாது."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு சந்தனக்கனி பலகையை எடுத்தாள்.

அன்றிலிருந்து அவற்றுக்குச் சுழிகள் என்று பெயர் ஆயிற்று. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரல்ல; தலைச்சுழி, ஆற்றுச்சுழி மாதிரி இதுவும் ஒரு சுழி, அவ்வளவுதான். கோயில் பூசாரி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் கணக்கில் வராது என்று போனார். சர்ச்சுப் பங்குச்சாமியாரும் வந்து பார்த்து, குனிந்து தொட்டு, விரலை நக்கி, உப்புதான் என்று சொல்லிப் போனார். மீன் விற்கிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். எந்தப் பாத்திச் சுழி அழகு என்று பெண்களுக்குள் போட்டி வந்தது. ஆண்ட்ரோமீடா நம்முடையதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் நானூறு ஐந்நூறு கோடி வருஷத்தில் இரண்டும் கலந்தாலும் கலக்கலாம், தப்பிப்போனாலும் போகலாம் என்று டீச்சர் சொன்னதும், அதை ஒரு சம்பந்தம் பேசுகிற விஷயமாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீடு எது, பெண் வீடு எது என்று இரண்டு நாள் சண்டை ஓடியது.

"நானூறு கோடி வருஷமா?" என்றாள் சந்தனக்கனி. "அதுக்குள்ள நம்ம மனுவுக்குப் பதில் வந்துருமா டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மனு உண்மை. பதினோரு வருஷமாக, ஒவ்வொரு கோடையிலும், சிப்பிக்காட்டுப் பெண்கள் அறுபத்து மூன்று பேர் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டு மூன்று காரியம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: ஒதுங்க ஒரு நிழல், ஒதுங்க ஒரு கக்கூஸ், குடிக்க ஒரு குழாய். அருணகிரி முதலாளியிடம் கொடுத்தால் அரசாங்கத்தைக் கேள் என்பார். அரசாங்கத்தில் கொடுத்தால் தனியார் இடம், முதலாளியைக் கேள் என்பார்கள்.

ஒரு நாள் புஷ்பம்தான் அதைக் கண்டுபிடித்தாள். நம்முடைய சுழியின் ஓரத்தில் ஒரு குட்டிச் சுழி சிக்கிக்கொண்டு, நூலாக நீண்டு, பெரியதைச் சுற்றிச் சுற்றி இழுபட்டுக்கொண்டிருந்தது. டீச்சரிடம் கேட்டபோது, "பெரிசு அதைத் தின்னுது. ரொம்ப நாளாத் தின்னுக்கிட்டிருக்கு. அதோட நட்சத்திரமெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா நம்மதுல கலந்துரும்" என்றாள்.

"மேலயும் இதே கதைதானா?" என்று சந்தனக்கனி காறித் துப்பினாள். அவளுடைய அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் அளம் சொந்தமாக இருந்தது. அது இப்போது முதலாளியின் அளத்துக்குள் எங்கே இருக்கிறது என்று கரை பார்த்துச் சொல்லக்கூட முடியாது.

புஷ்பம் விடவில்லை. தினமும் காலையில் அந்தக் குட்டியை இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீரோடு அள்ளி, நாலு பாத்தி தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். மறுநாள் பார்த்தால் அது பழைய இடத்தில் இழுபட்டுக்கொண்டிருக்கும். "ஒனக்கு ரோசமே இல்லையாட்டி" என்று அதைத் திட்டிக்கொண்டே மறுபடி அள்ளுவாள்.

சுழிகளால் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்றுதான். அவை கிடந்த பாத்திகளில் தண்ணீர் குளிர்ந்திருந்தது. உப்புத் தண்ணீர் வெயிலில் கொதித்து, பாதத்து வெடிப்புகளுக்குள் புகுந்து, உச்சந்தலைவரை சுரீரென்று ஏறும். அந்த வலியோடு வேலை செய்தே பழகிய பெண்கள், சுழிக்குள் பத்து நிமிஷம் நின்றால் எரிச்சல் அடங்குவதைக் கண்டார்கள். உப்பின் வெள்ளையில் கூசிக் கூசிப் பழுதான கண்ணுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதமாக இருந்தது. உச்சிப்பொழுதில் ஆளுக்கொரு சுழியில் நின்றுகொண்டு, தூக்குவாளியைத் திறந்து, நின்றபடியே சாப்பிட்டார்கள்.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் சேதி வெளியே போயிற்று. எங்கிருந்தோ ஆய்வாளர்கள் வந்தார்கள், பிறகு படம் பிடிப்பவர்கள், பிறகு வான்பொருள் பாதுகாப்புக்கான சிறப்பு அலுவலர் என்று புதிதாக நியமிக்கப்பட்ட நந்தகோபன். தங்க பிரேம் கண்ணாடி போட்ட, குரல் உயர்த்தாத மனிதர்; எந்தப் பெண்ணையும் அம்மா என்றே கூப்பிடுவார். அவர் வந்த ஏழாம் நாள் அளத்துக்கு நடுவே தார்ச்சாலை வந்தது. பத்தாம் நாள் மூன்று பெரிய பந்தல்கள், உள்ளே வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், ஆளுயர ஏர்கூலர்கள், வரிசையாகத் தண்ணீர் கேன்கள். பந்தலுக்குப் பின்னால், சக்கரம் வைத்த வண்டியில், கண்ணாடி மாட்டிய கக்கூஸ் எட்டு.

பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு நின்று அந்த எட்டையும் எண்ணினார்கள். நமக்கும்தான் போலிருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. மறுநாள் கயிறு கட்டினார்கள். சுழிகள் கிடந்த பாத்திகளில் இனி யாரும் இறங்கக் கூடாது. மற்றப் பாத்திகளில் வழக்கம்போல் வேலை நடக்கும். பந்தலும் மற்ற வசதிகளும் பார்வையாளர்களுக்கு மட்டும். அன்று காலை சந்தனக்கனி கயிற்றைத் தூக்கிவிட்டு வழக்கம்போல் தன் பாத்தியில் இறங்கினாள்.

"அம்மா, அம்மா, மிதிக்காதீங்க!" என்று நந்தகோபன் ஓடி வந்தார். "கால்ல இருக்குற அழுக்கு, புண்ணு, இதெல்லாம் பட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. உலகத்துக்கே சொந்தமான பொருள்மா இது."

"ஒரு மாசமா இதுலதான் நிக்கேன். ஒண்ணும் ஆகல."

"இனிமே ஆகலாம் இல்லையா?"

"சார், நான் எங்க நின்னாலும் இதுக்குள்ளதான் நிக்கேன்னு டீச்சர் சொல்லியிருக்கா. வீட்டுல நின்னாலும் இதுக்குள்ளதான். நீங்களும் இதுக்குள்ளதான் நிக்கீய. ஒங்க காலைக் கழுவியாச்சா?"

ஆய்வாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நந்தகோபன் சிரிக்கவில்லை. முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் வந்து சந்தனக்கனியின் கையைப் பிடித்து வரப்பேற்றினார்கள். அதற்குப் பிறகு பெண்கள் ஓரத்துப் பாத்திகளில் மட்டும் வேலை செய்தார்கள். அங்கே தண்ணீர் கொதித்தது, பாதம் மறுபடி வெடித்தது. தினமும் வேன் வேனாக ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, மனிதன் எவ்வளவு சிறியவன் என்று வியந்து பேசி, குளிர்ந்த தண்ணீர் குடித்து, கக்கூஸ் போய், வேனில் ஏறிப் போனார்கள். புஷ்பம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று குட்டிச் சுழி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். தூரத்தில் எதுவும் தெரியாது.

வைகாசி ஆறாம் தேதி அது நடந்தது. புஷ்பத்துக்கு அப்போது ஏழாம் மாதம். வேலைக்கு வராதே என்று சந்தனக்கனி சொல்லியிருந்தாள்; வராவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பெயர் இருக்காது என்று புஷ்பம் பயந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு, இறக்கிய கூடையைத் திரும்ப எடுக்கக் குனிந்தவள் அப்படியே முழங்காலில் விழுந்து, பக்கவாட்டில் சரிந்தாள். சந்தனக்கனியும் இன்னும் மூன்று பேரும் அவளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நிழல் அங்கே மட்டும்தான் இருந்தது.

வாசலில் காவலுக்கு நின்றவன் பக்கத்து ஊர் சுடலைமணி. பந்தல் காலியாக இருந்தது; நாற்பது நாற்காலிகள், ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வெளிநாட்டுக் குழு வருகிறது, அதுவரை யாரையும் விடக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

"பாஸ் இல்லாம விட்டா என் வேலை போயிரும்க்கா" என்றான்.

"கண்ணைத் தொறந்து பாருடா. புள்ளத்தாச்சி."

"நான் போன் போட்டுக் கேக்கேன்க்கா. இரி. கேக்கேன்."

போன் போட்டான். நந்தகோபன் ஊருக்குள் ஒரு கூட்டத்தில் இருந்தார். நாற்காலிகளைக் கலைக்க வேண்டாம், பத்து நிமிஷம் பொறுக்கச் சொல், நானே வருகிறேன் என்றார். அந்தப் பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆகியும் அவர் வரவில்லை. உச்சி வெயிலில் பந்தலின் நிழல் வெளியே ஒரு சாண் அகலத்துக்குத்தான் விழுந்தது. அந்த ஒரு சாணில் புஷ்பத்தின் தலையை மட்டும் வைத்து, உடம்பு வெயிலில் கிடக்க, சந்தனக்கனி தன் சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தல் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏர்கூலரின் காற்று துணியை உப்பி உப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் சுடலைமணி உள்ளே ஓடிப்போய் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஷேர் ஆட்டோ வந்து, அவளை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மணி ஒன்றரை. பெண் குழந்தை. வயிற்றிலேயே இறந்திருந்தது.

மறுநாள் யாரும் அளத்துக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. விடிந்தது, அறுபத்து மூன்று பெண்களும் அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தனக்கனியின் புருஷன் இசக்கிராஜ்தான் அளத்தில் மோட்டார் போடுகிறவர், மடை திறந்து பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் விடுகிறவர். மோட்டார் ரூம் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன, போகலையா?" என்றாள் அவள்.

"எதுக்கு?" என்றார் அவர்.

வைகாசி வெயிலுக்கு விரலளவுத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? இரண்டாம் நாள் பாத்திகள் இறுகின. மூன்றாம் நாள் சின்னச் சுழிகள் உப்புப் பொருக்கோடு ஒட்டிக்கொண்டு கறை மாதிரி ஆயின. தெப்பத்தில் ஆண்ட்ரோமீடா கரையை விட்டு உள்வாங்கிச் சுருங்கியது. நம்முடையது சுழல்வதை நிறுத்திவிட்டது. முதலாளி சுற்றுவட்டார அளங்களிலெல்லாம் ஆள் தேடினார். ஒருவரும் வரவில்லை. நந்தகோபன் லாரிகளில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சுழிகள் நீர்த்த மோராக வெளிறின, மெகல்லன் மேகங்களில் சின்னது அரை நாள் காணாமலே போய்விட்டது. எந்தப் பாத்திக்கு எவ்வளவு உப்பேறிய தண்ணீர், எப்போது, எத்தனை விரற்கடை என்பது அந்த அளத்தில் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வாளர்கள் வரப்பில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் காலை நந்தகோபனும் அருணகிரி முதலாளியும் காரில் ஊருக்குள் வந்தார்கள். வலை பின்னுகிற கொட்டகையில் பெண்கள் கூடினார்கள். புஷ்பமும் வந்து ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் அவளால் நேராக நிற்க முடியவில்லை.

"உங்களுக்கு என்னம்மா வேணும், சொல்லுங்க" என்றார் நந்தகோபன்.

சந்தனக்கனி சொன்னாள். நிழல், கக்கூஸ், குழாய். கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஐந்தாவதாக, புஷ்பத்தின் பிள்ளை எப்படிச் செத்தது என்று அரசாங்கக் காகிதத்தில் உள்ளபடி எழுத வேண்டும். நந்தகோபன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கொட்டகைக்கு வெளியே போய் ஆறு பேருக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரிகள் வரத் தொடங்கின. பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். பத்து மணிக்குத் தூண்கள் நின்றன. பன்னிரண்டு மணிக்குத் தகரக் கூரை ஏறியது. குழாய் பதிக்கிறவர்கள் தார்ச்சாலையைத் தோண்டினார்கள். நாலு மணிக்கு அளத்தின் ஆறு இடங்களில் ஆறு கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் சிமெண்டுப் பெஞ்சு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கதவும் தாழ்ப்பாளும் வைத்த இரண்டு கக்கூஸ், திறந்தால் தண்ணீர் கொட்டுகிற குழாய். சுழிப் பாத்திகளைச் சுற்றியிருந்த கயிறும் அவிழ்ந்து கிடந்தது. முதலில் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி குழாயைத் திறந்து முகம் கழுவினாள், ஒருத்தி தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். பிறகு சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது. ஒன்றுக்குப் போக இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்து நீர்க்கடுப்பில் துடித்த நாட்களை ஒருத்தி நினைத்தாள், வயசுக்கு வந்த மகளைக் கூட்டிவந்து இரண்டாம் நாளே அழுதுகொண்டே திருப்பி அனுப்பியதை ஒருத்தி நினைத்தாள், நாலு பேர் சேலையை மறைத்துப் பிடிக்க நடு வரப்பில் குந்தியதையும் அப்போது லாரி டிரைவர் ஹாரன் அடித்துச் சிரித்ததையும் ஒருத்தி நினைத்தாள், பதினோரு கோடையும் பதினோரு மனுவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன, கண்ணெதிரே தகரக் கூரை புதுசாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

நந்தகோபன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எல்லாம் முடிஞ்சுதும்மா. இப்ப தண்ணியத் தொறக்கலாம் இல்லையா?"

"ஒரு நாள்ல முடியுற காரியமாய்யா இது?" என்றாள் சந்தனக்கனி.

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "ஆமாம்மா. எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினேன்."

"ஒரே நாள்ல முடியுற காரியத்தையா பதினோரு வருஷம் செய்யாம வச்சிருந்தீய?"

முதலாளி செருப்பு நுனியால் உப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நந்தகோபன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "நீங்க கேட்டதையும் எழுதியாச்சு. பாருங்க."

புஷ்பம் வாங்கிப் படித்தாள். உடல்நலக் குறைவால் ஏற்பட்ட கருச்சிதைவு என்று இருந்தது. அந்த ஐந்து நாளில் அவள் வாய் திறந்தது அப்போதுதான். "என் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். நெழல்தான் இல்ல."

"அதை அப்படியே எழுத முடியாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

சந்தனக்கனி காகிதத்தை வாங்கி அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "அப்போ நாளைக்கு வாங்க."

"நாளைக்கா? இதுங்க தாங்காதும்மா. இன்னிக்கே தண்ணி விடணும்."

"இன்னிக்கு வர மாட்டோம். இன்னிக்கு எங்களுக்குக் கோவப்படுற வேலை இருக்கு."

சொன்னபடியே செய்தார்கள். அன்று சாயங்காலம் சிப்பிக்காட்டில் அடுப்பு எரியவில்லை. சமைக்காத அடுப்புக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து கோபப்பட்டார்கள், வாசலில் நின்று கோபப்பட்டார்கள், பாதத்தை மடியில் தூக்கி வைத்து வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோபப்பட்டார்கள். புருஷன்மார் சத்தமில்லாமல் கடையில் பன் வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ரோஸ்லின் டீச்சர், பதினேழு வருஷமாக இந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஆண்ட்ரோமீடாவின் தூரத்தைச் சொல்லிக் கொடுத்தும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற அளத்தில் ஒரு குழாய் இல்லை என்பதை ஒரு நாளும் யாரிடமும் போய்க் கேட்கவில்லையே என்று தன்மேலேயே கோபப்பட்டாள். அளத்தில் சுழிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆயிரத்து முந்நூறு கோடி வருஷம் இருந்தவை, இன்னும் ஒரு நாள் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் முதல் மழை விழுகிற அன்றைக்கு அவை வந்ததுபோலவே போய்விடும். நந்தகோபன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். கொட்டகைகளும் குழாயும் அங்கேயே நிற்கும். கோபப்பட்ட அந்த இரவு விடிந்து, தார்ச்சாலையில் கூடி நின்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. நந்தகோபன் கண் சிவந்து வந்திருந்தார். புதிய காகிதத்தை நேராகப் புஷ்பத்திடம் கொடுத்தார். அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்:

"வைகாசி ஆறாம் தேதி, சிப்பிக்காட்டு உப்பளத்தில், காலியாக இருந்த பந்தலில் நிழல் மறுக்கப்பட்டதால், அந்தோணிபுஷ்பத்தின் பெண் குழந்தை பிறக்கும் முன்பே இறந்தது."

நிமிர்ந்து பார்த்தாள். "மறுக்கப்பட்டதால்னு இருக்கு சார். யாரு மறுத்தா?"

தூரத்தில் நின்ற சுடலைமணி தலையைக் குனிந்தான். புஷ்பம் அவனைப் பார்க்கவில்லை. நந்தகோபன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி திறந்தார். காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, அந்த ஒரு வார்த்தையை அடித்து, மேலே எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, திருப்பிக் கொடுத்தார். புஷ்பம் மறுபடி முதலிலிருந்து படித்தாள்; நிழல் நான் மறுத்ததால் என்ற இடம் வந்தபோது குரல் உடையாமல் படித்தாள். படித்து முடித்து, காகிதத்தை நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோவம் தணிஞ்சுதாம்மா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார். அது இருக்கும்" என்றாள் புஷ்பம். இசக்கிராஜ் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மடையத் தொறங்க."